கல்லா கண்டுகொண்டவர்கள்

1954 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் தபால் அதிகாரி ஆட்டோ ஓலெசன் ஒரு சிறுபத்திரிகையின் பிரதிகளை அனுப்ப மறுத்து நிறுத்திவைத்தார். பத்திரிகையின் பெயர் 'ஒன்'. விலை 25 சென்ட். தன்பாலீர்ப்பாளர்கள் தாங்களே எழுதி, அச்சிட்டு, கடைகளிலும் தபாலிலும் விற்றுவந்த மாத இதழ். எதையெல்லாம் அச்சிட முடியாது என்று அந்தப் பத்திரிகையின் வழக்கறிஞர் எரிக் ஜூல்பர் விளக்கிய கட்டுரைதான் அந்த இதழின் அட்டைப்படக் கட்டுரை. அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்ட இதழிலேயே அரசுத் தரப்பு மூன்று ஆபாசங்களைக் கண்டுபிடித்தது. இரு பெண்களின் காதலைச் சொல்லும் சிறுகதை, இங்கிலாந்துப் பிரபுக்களைக் கிண்டலடித்த ஒரு கவிதை, சுவிட்சர்லாந்துப் பத்திரிகை ஒன்றின் விளம்பரம். கதையும் கவிதையும் இருக்கட்டும். அந்த விளம்பரத்தின் வாசகத்தில் ஆபாசம் ஏதுமில்லை. அதைப் பார்த்து ஒருவர் பணம் அனுப்பினால் ஆபாசச் சரக்கு அவர் கைக்கு வந்து சேரக்கூடும் என்பதுதான் அதன்மீதான குற்றச்சாட்டு.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் தபால் துறையின் பக்கமே நின்றன. 1958 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாய்வழி வாதம்கூடக் கேட்காமல், தன் முந்தைய தீர்ப்பு ஒன்றின் பெயரை மட்டும் குறிப்பிட்டு ஒரே வரியில் அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. தன்பாலீர்ப்பைப் பற்றி அந்த வரியில் ஒரு பேச்சும் இல்லை. பத்திரிகையைத் தபாலில் அனுப்பலாம், அவ்வளவுதான். அந்நாட்டின் மாநிலங்கள் அத்தனையிலும் இவர்களின் உறவு சிறைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. படுக்கையறையில் குற்றவாளியாக இருந்தவருக்குப் பத்திரிகைச் சந்தாதாரராக இருக்க அனுமதி கிடைத்தது.

அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்களின் சட்டப் போராட்டத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதல் இருபது ஆண்டுகள் விந்தையாகத் தெரியும். காதல், குடும்பம், கண்ணியம் என்று பிற்காலத் தீர்ப்புகளில் நிரம்பி வழியும் சொற்கள் அங்கே இல்லை. தபால் அனுமதி, மது உரிமம், பதிப்பகச் சரக்கு என்று எல்லாம் வணிக வழக்குகளாகவே இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் இவர்கள் முதலில் பட்டது வாங்குபவர்களாகவும் விற்பவர்களாகவும்தான். மனிதர்களாகப் பட்டது வெகு பின்னால். இந்த வரிசைமுறை ஒரு தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் பலனையும் விலையையும் அவர்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

'ஒன்' அறிவாளிகளின் பத்திரிகை. சில ஆயிரம் பிரதிகள்தான் விற்றது. உண்மையான விற்பனை வேறிடத்தில் நடந்தது. 'உடற்பயிற்சி இதழ்கள்' என்ற பெயரில் கட்டுமஸ்தான இளைஞர்களின் படங்களைப் போட்டு விற்ற மலிவு இதழ்கள் அவை. லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் மைசர் என்ற புகைப்படக்காரர் 1951இல் அப்படி ஒன்றைத் தொடங்கினார். வாஷிங்டனில் ஹெர்மன் லின் வொமாக் என்ற முன்னாள் தத்துவப் பேராசிரியர் இதையே பெருந்தொழிலாக்கினார். 1960இல் அவருடைய இதழ்களின் 405 பிரதிகளைத் தபால் துறை பறிமுதல் செய்தபோது அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1962இல் வென்றார். வொமாக்கை வீரராக்கிப் பார்க்க எனக்கு ஆசையில்லை, அவர் வியாபாரி. ஆனால் கொள்கைக்காரர்கள் வழக்குச் செலவுக்குத் துண்டு விழுந்து தவித்தபோது, வியாபாரியிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. எங்கோ ஒரு சிற்றூரில், உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த பையனின் கையில் அந்த இதழ் போய்ச் சேர்ந்தது. அறிக்கைகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

பெண்களுக்கு இதே வேலையைச் செய்தவை 25 சென்ட் மட்டமான தாள் நாவல்கள். 1952இல் 'கோல்டு மெடல்' பதிப்பகம் வெளியிட்ட 'ஸ்பிரிங் ஃபயர்', விடுதியில் தங்கிப் படிக்கும் இரு மாணவிகளின் காதல் கதை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வின் பேக்கர் என்ற ஆண் பெயரில் அதை எழுதியவர் மேரிஜேன் மீக்கர் என்ற இளம்பெண். முடிவு மகிழ்ச்சியாக இருக்கக்கூடாது என்று பதிப்பாசிரியர் அவரிடம் முன்பே சொல்லிவிட்டார். காரணம் இலக்கியமல்ல. புத்தகம் தபாலில் போகவேண்டும். தபால் பரிசோதகர் பிரித்துப் பார்த்தால் 'பாவத்துக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது' என்று திருப்தியடைய வேண்டும். ஆகவே நாயகிகளில் ஒருத்தி மனநல விடுதிக்குப் போகிறாள். மற்றவள் அது காதலே இல்லை என்று தெளிகிறாள். நம் பழைய படங்களில் வழிதவறிய பெண் 'வணக்கம்' போடுவதற்குள் யார் மடியிலாவது உயிரை விட்டாக வேண்டுமே, அதே ஏற்பாடு. கதையைச் சந்தை கேட்டது; கடைசி அத்தியாயத்தைச் சட்டம் எழுதியது. வாசகிகளோ கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மதுக்கடையின் கதை இதைவிட நீளம். 1933இல் மதுவிலக்கு நீங்கியதும், மது விற்க உரிமம் தரும் அதிகாரம் அந்தந்த மாநில வாரியங்களுக்குப் போயிற்று. 'ஒழுங்கீனமான இடம்' ஆகிவிட்டால் உரிமம் ரத்து. தன்பாலீர்ப்பாளர்கள் நாலு பேர் கூடி நின்றாலே அந்த இடம் ஒழுங்கீனமானது என்று பல வாரியங்கள் எடுத்துக்கொண்டன. சான்பிரான்சிஸ்கோவில் 'பிளாக் கேட்' என்ற மதுக்கடையின் உரிமையாளர் சோல் ஸ்டூமன் இதை எதிர்த்து வழக்காடினார். 1951இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: இன்னாருக்கு மது ஊற்றினார் என்பதற்காக மட்டும் உரிமத்தைப் பறிக்க முடியாது. பொது இடத்தில் உண்ணவும் குடிக்கவும் இவர்களுக்கும் உரிமை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 'பிறழ்வினர் கூடுமிடங்களை' மூடலாம் என்று 1955இல் புதிய சட்டமே கொண்டுவந்தது. ஓக்லந்து நகரில் பெண்கள் கூடும் கடை ஒன்றின் வழக்கில் 1959இல் அந்தச் சட்டமும் விழுந்தது. அப்படியும் 'பிளாக் கேட்' தப்பவில்லை. நீதிமன்றம் சொன்னதற்கெல்லாம் ஒரு மாற்றுவழி கண்டுபிடித்து வாரியம் விரட்டிக்கொண்டே இருந்தது. 1963இல் உரிமம் போயே போய்விட்டது. ஆனால் அதற்குள் ஒன்று நடந்திருந்தது. அந்தக் கடையில் பெண் வேடமிட்டுப் பாடிக்கொண்டிருந்த ஹோசே சாரியா 1961இல் நகர மன்றத் தேர்தலில் நின்று ஐயாயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி அமெரிக்காவில் பொதுப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் ஆள் அவர். வாடிக்கையாளர்களை எண்ணிக்கொண்டிருந்த ஊர், அவர்களை வாக்காளர்களாக முதன்முறை எண்ணிப் பார்த்தது.

நியூயார்க்கில் 1966 ஏப்ரல் 21 அன்று டிக் லைட்ச், கிரேக் ராட்வெல், ஜான் டிம்மன்ஸ் என்ற மூவர், கோட்டும் டையுமாக, பத்திரிகையாளர்கள் பின்தொடர, மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கினார்கள். வழியில் ராண்டி விக்கரும் சேர்ந்துகொண்டார். திட்டம் எளிது: 'நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், எங்களுக்கு மது வேண்டும்' என்று சொல்வது, மறுத்தால் புகார் கொடுப்பது. சிக்கல் என்னவென்றால் முதலில் போன இடங்களில் மறுக்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் கிரீன்விச் வில்லேஜில் 'ஜூலியஸ்' கடைக்குப் போனார்கள். அவர்களுடைய ஆட்களே வழக்கமாகக் கூடும் கடை அது. சில நாட்களுக்கு முன்தான் போலீஸ் வந்துபோயிருந்தது. அவர்கள் தங்களை அறிவித்ததும், ஊழியர் எடுத்து வைத்த கோப்பையின் வாயைக் கையால் மூடினார். ஃபிரெட் மெக்டாரா எடுத்த அந்தப் புகைப்படம் இன்று வரலாற்று ஆவணம். அப்படி ஒரு விதியே எங்களிடம் இல்லை என்று வாரியத் தலைவர் கைகழுவினார்.

கறுப்பின மாணவர்கள் உணவகங்களில் நடத்திய உட்கார்ந்து மறியலைப் பார்த்துக் கற்ற உத்தி இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கறுப்பினத்தவரைக் கடைக்காரர் பார்த்தவுடன் மறுத்தார். இவர்களோ வாய்திறந்து சொன்னால்தான் மறுக்கப்படுவார்கள். வாயை மூடிக்கொண்டால் மது கிடைக்கும். வணிகம் இவர்களுக்கு எப்போதும் நீட்டிய ஒப்பந்தம் இதுதான்: காசு கொடு, பெயர் சொல்லாதே.

சட்டம் நேர்மையான கடைக்காரரை விரட்டினால் யார் கடை போடுவார்? நியூயார்க்கில் மாஃபியா போட்டது. 1967இல் திறந்த 'ஸ்டோன்வால் இன்' ஜெனோவேஸி கும்பலுக்குச் சொந்தம். மது உரிமம் கிடையாது. உறுப்பினர்கள் தம் புட்டியைத் தாமே கொண்டுவந்து வைத்துக் குடிக்கும் சங்கம் என்று கணக்கு. கவுன்ட்டருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் வராது, கோப்பைகளைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். தண்ணீர் கலந்த சரக்கு, அதிக விலை, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு மாமூல். வசதியான வாடிக்கையாளர்களை மிரட்டிப் பணம் பறித்ததாகவும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் உள்ளே நுழைந்தபோது கையில் இருந்த காரணம், உரிமம் இல்லாமல் மது விற்பது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கொண்டாடப்படும் அந்த எழுச்சி, சட்டப்படி பார்த்தால் ஒரு கள்ளச்சாராய ரெய்டில் தொடங்கியது. அன்று தெருவில் நின்று கல்லெறிந்தவர்கள் போலீசை மட்டும் எதிர்க்கவில்லை, தங்களைச் சுரண்டிய கடைக்காரரையும் சேர்த்தே எதிர்த்தார்கள் என்பதைப் பிற்காலக் கொண்டாட்டங்களில் விளம்பரதாரர்கள் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை.

1955இல் சான்பிரான்சிஸ்கோவில் டெல் மார்ட்டின், ஃபிலிஸ் லயன் உள்ளிட்ட எட்டுப் பெண்கள் சங்கம் ஒன்று தொடங்கியதற்கு மூல காரணமே, ரெய்டு பயமில்லாமல் சேர்ந்து நடனமாட ஓர் இடம் வேண்டும் என்பதுதான். ஆண்களுக்கென்று கடைகள் பெருகிய ஊர்களில் பெண்களுக்கு ஒன்றிரண்டுதான் இருந்தன. சம்பளம் குறைவு, குறைவாகச் செலவழிப்பவர்களைக் கல்லா தாமதமாகத்தான் பார்க்கும். இந்த வணிக வரலாற்றில் பெண்களின் பெயர்கள் அருகி இருப்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

எழுபதுகளில் வாடிக்கையாளருக்கு இன்னொரு பலம் இருப்பது தெரிந்தது: வாங்க மறுப்பது. வேலைக்குச் சேர்பவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்து அந்தரங்கங்களை விசாரித்த கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கு எதிராக, லாரி ஓட்டுநர் சங்கத்தின் ஆலன் பேர்டும் தன்பாலீர்ப்பாளர் தலைவர் ஹார்வி மில்க்கும் கைகோத்து, சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதிக் கடைகளிலிருந்து அந்த பீரை வெளியேற்றினார்கள். 1977இல் ஃபுளோரிடா ஆரஞ்சுச் சாறின் விளம்பர முகமாக இருந்த பாடகி அனிட்டா பிரையன்ட், மயாமி வட்டாரத்தின் பாகுபாடு தடுப்பு விதியை வாக்கெடுப்பில் ரத்து செய்யவைத்தார். நாடெங்கும் மதுக்கடைகளில் ஆரஞ்சுச் சாறு நின்று ஆப்பிள் சாறு வந்தது. வாக்குச்சீட்டில் தோற்றவர்கள் கல்லாவில் பதில் சொன்னார்கள். வாக்கெடுப்பு முடிவு என்னவோ மாறவில்லை.

இனி சந்தை, சட்டம் என்ற இரண்டு பாதைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடத் தொடங்கிய காலத்துக்கு வருவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்சொலூட் வோட்கா தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது. அதே காலத்தில், 1982இல், அட்லாண்டாவில் மைக்கேல் ஹார்ட்விக் என்ற மதுக்கடை ஊழியர், கடை வாசலில் கையில் பீர் புட்டியோடு நின்றதற்காக அபராதச் சீட்டு வாங்கினார். அபராதத்தைக் கட்டியும் விட்டார். அது தெரியாத போலீஸ்காரர் சில வாரம் கழித்துப் பிடியாணையோடு வீட்டுக்குள் வந்து, படுக்கையறையில் அவரை இன்னொரு ஆணோடு பார்த்துக் கைதுசெய்தார். ஜார்ஜியா சட்டப்படி அதற்கு இருபது ஆண்டு வரை சிறை. 1986இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. எந்தப் பத்திரிகையில் வோட்கா விளம்பரம் வந்ததோ அதன் வாசகர்கள் பாதி மாநிலங்களில் குற்றவாளிகள்.

1994இல் ஐகியா இரண்டு ஆண்கள் சேர்ந்து சாப்பாட்டு மேசை வாங்கும் தொலைக்காட்சி விளம்பரத்தைச் சில நகரங்களில் இரவு நேரத்தில் ஒளிபரப்பியது. மிக்க சாதாரணமான விளம்பரம். இருவரும் மேசையைப் பற்றிப் பேசுகிறார்கள், கூடுதல் பலகை போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வெடிகுண்டு மிரட்டல் வந்தது. நிறுவனம் பின்வாங்கவில்லை. அந்த இருவரும் மேசையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால், இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அந்த வீட்டுக்குள் அவர்களின் உறவு குற்றச் செயலில் சேர்த்தி.

சுபாரு கார் நிறுவனத்தின் கதை இன்னும் நயமானது. தொண்ணூறுகளில் விற்பனை சரிந்து தவித்த அந்நிறுவனம், தன் கார்களை யார்தான் வாங்குகிறார்கள் என்று விசாரித்தபோது, ஆசிரியர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரோடு பெண் தன்பாலீர்ப்பாளர்களும் ஒரு பெருங்கூட்டமாக இருப்பது தெரியவந்தது. விளம்பரங்களில் கார்களின் நம்பர் பலகையில் அவர்களுக்கு மட்டும் புரியும் குறிப்புகளை வைத்தார்கள். அவர்கள் விரும்பிப் பார்த்த 'ஜீனா' தொடரின் பெயர் ஒன்றில், அவர்கள் கூடும் கடலோர ஊரான பிராவின்ஸ்டவுனின் சுருக்கப் பெயர் இன்னொன்றில். மற்றவர்கள் கண்ணில் அது வெறும் நம்பர் பலகை. இந்த விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்த 1996இல்தான், திருமணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டும் என்று மத்தியச் சட்டம் வந்தது. மேலவையில் 85 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. கையெழுத்திட்டவர் கிளின்டன்.

சந்தை முன்னே போகிறது, சட்டம் பின்னால் வரும் என்று இதைப் பார்த்துப் பலரும் ஆறுதல் அடைந்தார்கள். இங்கேதான் எனக்கு மாறுபாடு. அந்தக் காலத்துச் சந்தை, சட்டத்துக்கு வழிவிட்டதோடு நில்லாமல், சட்டத்தின் கையில் ஒரு தடியையும் கொடுத்தது.

எண்பதுகளின் இறுதியில் தன்பாலீர்ப்பாளர் பத்திரிகைகள் விளம்பரதாரர்களைப் பிடிப்பதற்காகத் தங்கள் வாசகர்களிடம் வருமானக் கணக்கெடுப்பு நடத்தின. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் நகரத்து, படித்த, பெரும்பாலும் வெள்ளை ஆண்களிடம் எடுத்த கணக்கு. விடை என்னவாக இருக்கும்? நாட்டுச் சராசரியை விட வெகு அதிக வருமானம். இருவர் சம்பளம், பிள்ளை குட்டிச் செலவில்லை, வெளிநாட்டுப் பயணம், விலையுயர்ந்த மது. விளம்பர நிறுவனங்கள் இதை நம்பின, செய்தித்தாள்கள் நம்பின. நாளடைவில் தன்பாலீர்ப்பாளர் என்றாலே வசதியானவர் என்றாகிவிட்டது. 1995இல் பொருளியலாளர் லீ பேட்ஜெட் பரவலான மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து ஆராய்ந்து சொன்னது வேறு: ஒரே கல்வியும் அனுபவமும் உள்ள மற்ற ஆண்களைவிட இவர்கள் 11 முதல் 27 விழுக்காடு வரை குறைவாகச் சம்பாதித்தார்கள். யார் கேட்டார்கள்?

1992இல் கொலராடோ மாநிலத்தில், தன்பாலீர்ப்பாளர்களுக்கு எந்த ஊராட்சியும் பாகுபாட்டிலிருந்து சட்டப் பாதுகாப்பு தரக்கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே ஒரு திருத்தத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பிரச்சாரம் செய்தவர்கள் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று அந்த வருமானக் கணக்கு. இவ்வளவு வசதியானவர்களுக்குச் 'சிறப்பு உரிமை' எதற்கு என்ற கேள்வி சாமானிய வாக்காளருக்கு நியாயமாகவே பட்டது. நம் ஊர் இடஒதுக்கீட்டுச் சண்டைகளில், காரில் வந்து இறங்கும் ஒருவரைக் காட்டி ஒரு சாதியின் முழுக்கணக்கையும் முடித்துவிடுபவர்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. 1996இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தைச் செல்லாதது என்று அறிவித்தது. ஆனால் மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, இவர்கள் சில ஊர்களில் குவிந்து வாழ்கிறார்கள், செலவழிக்கக் கையில் நிறையப் பணம் வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கைக்கு மீறிய செல்வாக்கு உள்ளவர்கள் என்று எழுதினார். விளம்பரத் தரகர்களின் சரக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறிய தருணம் அது. உண்மையில் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்காத தொழிற்சாலைத் தொழிலாளியும், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பதினாறு வயதுப் பெண்ணும் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. அவர்கள் எந்தப் பத்திரிகைக்கும் சந்தா கட்டவில்லை.

எடித் வின்ட்சரின் கதையில் சந்தை, சட்டம் ஆகிய இரு ஏடுகளும் ஒரே மேசையில் திறந்து கிடக்கின்றன. ஐபிஎம்மில் கணினி நிரலாளராகப் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1967இல் தியா ஸ்பையர் அவரை மணக்கக் கேட்டபோது மோதிரம் கொடுக்கவில்லை, வட்டமான வைர ஊசி ஒன்றைக் கொடுத்தார். மோதிரம் போட்டால் மாப்பிள்ளை யார் என்று அலுவலகத்தில் கேட்பார்களே. நாற்பதாண்டு சேர்ந்து வாழ்ந்து, 2007இல் கனடாவின் டொரன்டோ நகரில் மணந்தார்கள். 2009இல் ஸ்பையர் இறந்தார். கணவன் மனைவி என்றால் வாரிசு வரி கிடையாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர்கள் யாரோ எவரோ. வந்த மத்திய வரி 3,63,053 டாலர். வைரக்கடைக்காரர் பில் போடும்போது யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்கவில்லை. வருமான வரித்துறை கேட்டது. 2013இல் வின்ட்சர் வென்று, அந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவு விழுந்தது.

2015இல் திருமண உரிமை வழக்கில் 379 நிறுவனங்களும் முதலாளிகளும் ஒன்றாக மனு போட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால் காப்பீடு, ஓய்வூதியம், வரிப்பிடித்தம் எல்லாவற்றிலும் தலைவலி, நல்ல ஊழியர்கள் இடம்மாற மறுக்கிறார்கள் என்பது அவர்களின் வாதங்களில் முக்கியமானது. வழக்கு வென்றது, நல்லதே. ஆனால் தலைவலிக்காக வந்தவர்கள் தலைவலி இடம் மாறினால் அவர்களும் இடம் மாறுவார்கள். 2023இல் ஒரு பீர் நிறுவனம் திருநங்கை ஒருவரின் சமூக ஊடகப் பதிவுக்குப் பணம் கொடுத்ததற்காகப் புறக்கணிப்பைச் சந்தித்தது. எழுபதுகளில் இவர்கள் கண்டெடுத்த அதே ஆயுதம், இப்போது எதிர்த்தரப்பின் கையில். 2025இல் வாஷிங்டனில் காற்று மாறியதும் சான்பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர் பேரணிக்கே பழைய புரவலர்கள் சிலர் பணம் கொடுக்கவில்லை. இதற்கிடையே, தன்பாலினத் திருமணத்துக்கு இணையதளம் வடிவமைத்துத் தர மறுக்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1966இல் கோப்பையின் வாயை மூடிய கை சட்டத்துக்குப் பயந்து மூடியது. இந்தக் கைக்குச் சட்டமே துணை நிற்கிறது.

இந்தியாவில் இதே நாடகம் காட்சிகள் கலைந்து நடக்கிறது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை எதிர்த்து 2016இல் உச்ச நீதிமன்றம் போன ஐவரில் ஒருவர் நடனக் கலைஞர், ஒருவர் பத்திரிகையாளர். மற்றவர்கள் உணவகம் நடத்துபவர், ஹோட்டல்காரர், தொழில் துறையில் இருப்பவர். பெரிய ஹோட்டல் குழுமத்தைச் சேர்ந்த கேசவ் சூரியும் பின்னால் தனியே வந்தார். பயமில்லாமல் பெயர் போட்டு வழக்குத் தொடுக்க அந்த அளவு வசதி தேவைப்பட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த சில மணி நேரத்தில் நிறுவனங்களின் சின்னங்கள் வானவில் நிறம் பூசிக்கொண்டன. 2021 அக்டோபரில் டாபர் நிறுவனம் கணவருக்காக மனைவியர் விரதமிருக்கும் கர்வா சௌத் நோன்பை இரு பெண்கள் கொண்டாடும் விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நடவடிக்கை எடுப்பேன் என்றதும் விளம்பரத்தையும் விலக்கி மன்னிப்பும் கேட்டது. அமெரிக்காவில் சட்டம் தடுத்தபோது ஐகியா நின்றது. இங்கே சட்டம் அனுமதித்த பின் டாபர் ஓடியது. சந்தை தானாக முன்னேறும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டியதில்லை.

2023இல் திருமண வழக்கு வந்தபோது, இது நகரத்து மேட்டுக்குடியின் பார்வை என்று மத்திய அரசு எழுதிக்கொடுத்தது. ஸ்காலியாவின் குரல் டெல்லியில் கேட்டது. மேட்டுக்குடி என்றால், 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு வந்த, மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து ஓடிவந்த இரு இளம்பெண்களை எந்தக் குடியில் சேர்ப்பது? நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதைப் பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தடைசெய்து உத்தரவிட்டார். எந்த நிறுவனத்தின் விளம்பரப் பட்டியலிலும் இல்லாத இருவருக்காகக் கிடைத்த உத்தரவு என்பதால் எனக்கு அது முக்கியமானது. வாங்கும் சக்தியைக் காட்டாமலே நீதிமன்றத்தின் காதில் விழ முடியும் என்று அது காட்டியது.

திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களின் அன்றாடத் தேவைகளைப் பார்க்க அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் வங்கிக் கணக்குகள் பற்றி ஒரு விளக்கம் வெளியிட்டது. இவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை, துணையை நாமினியாகவும் போட்டுக்கொள்ளலாம். தடை முன்பும் இல்லைதான். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய ஒரு கடிதம் வேண்டியிருந்தது. ஆக, வங்கிக்கு இப்போது இவர்களைத் தெரியும். ஆனால் நம் சட்டத்தில் நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே, உடைமையாளர் அல்ல. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், அவர் பங்கைத் துணையின் கையிலிருந்து வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை, அவர்களை வீட்டை விட்டுத் துரத்திய அதே குடும்பத்துக்கு இன்றும் இருக்கிறது.